சிரிப்புக்குள் புதைந்த கோரிக்கை

2016 மே தேர்தலில் மக்கள் நலக் கூட்டணிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. டிசம்பர் 27இல் ம.தி.மு.க. வெளியேற, அணி உடைந்தது. டீக்கடையில் ஒரே சிரிப்பு. 'அப்பவே சொன்னோமில்ல, தேறாதுன்னு!' நம் தோழர்களும் கூடவே சிரித்தார்கள்.

இந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்கலாம். விஜயகாந்தை முதல்வர் வேட்பாளராக ஏற்றது போன்ற தடுமாற்றங்கள் கேலிக்குரியவைதான். ஆனால் அந்தக் கேலியோடு ஒரு கோரிக்கையும் புதைக்கப்பட்டது: ஆட்சியில் பங்கு.

2006இல் 96 இடங்களே பெற்ற தி.மு.க., காங்கிரசின் ஆதரவை வாங்கிக்கொண்டு தனித்தே அமைச்சரவை அமைத்தது. ஓட்டுக்குக் கூட்டணி, கோட்டைக்குத் தனிக்கட்சி. இதுவே இயல்பு என்று நம் பொதுப்புத்தியில் பதிந்துபோன சொல்லாடல். கூட்டணி ஆட்சி என்று பேசி அதைச் சீண்டியவர் திருமாவளவன்; காட்டுமன்னார்கோயிலில் 87 வாக்குகளில் தோற்றார். தோற்றதால் கேட்டதே தப்பு என்றாகிவிடுமா? சேரியின் ஓட்டு வேணும், சேரிக்கு நாற்காலி வேணாம் என்பவர்களுக்கு அந்தத் தர்க்கம் ரொம்ப வசதி.

வி.சி.க., ம.தி.மு.க., இரு கம்யூனிஸ்ட் கட்சிகள் நான்கும் 2019இல் தி.மு.க. அணியில் நின்றன. டீக்கடையில் அப்போது சிரிப்பில்லை. பெரிய கட்சியின் நிழலில் ஒதுங்கினால் சாமர்த்தியம், தனியே நின்றால் கோமாளித்தனம்! இந்த அளவுகோல் யாருடையது தோழர்களே? சிரிப்பதற்கு முன் அதையாவது கேட்டிருக்க வேண்டாமா நாம்?