நான்கு கூடுகள், ஓர் உறுமி

எங்கள் ரூட்டில் ஓடும் ஷேர் ஆட்டோ ஒன்றில் பின் சீட்டுக்குக் கீழே சப்-ஊஃபர் பொருத்தியிருக்கிறார்கள். ஏறி உட்கார்ந்தால் பாட்டு காதுக்கு வருமுன் இடுப்புக்கு வந்துவிடும். பாடுவது ஆணா பெண்ணா என்பது இறங்கும்வரை தெரியாது. எனக்கு பேஸ் பிடிக்கும் என்று யாரிடமாவது சொன்னால் அவர்கள் நினைத்துக்கொள்வது இந்த ஆட்டோவைத்தான். ஆகவே ரொம்ப நாள் வெளியே சொல்லாமலே இருந்தேன்.

அந்தக் கூச்சம் போனதற்கு ஹார்மன் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் ஒரு காரணம். ஹெட்ஃபோனில் எப்படிப்பட்ட ஒலி ஜனங்களுக்குப் பிடிக்கிறது என்று பிராண்ட் பெயரை மறைத்துக் கேட்க வைத்து அவர்கள் வருடக்கணக்கில் சோதித்தார்கள். பெரும்பாலோர் விரும்பியது, 100 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழே கொஞ்சம் தூக்கிவைத்த பேஸ். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் பாடும்போது பேஸ் இயல்பாகவே அப்படித்தான் தூக்கலாக இருக்கும். ஆக நான் ஆட்டோக்காரர் கட்சியில்லை, பெரும்பான்மைக் கட்சி.

சமீபத்தில் நண்பர்களின் புண்ணியத்தில் நான்கு உயர்விலை க்ளோஸ்டு-பேக் ஹெட்ஃபோன்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் மேஜையில் இருந்தன: ஃபாஸ்டெக்ஸ் டிஎச்-900 மார்க் 2, சோனி எம்டிஆர்-இசட்1ஆர், டெனான் ஏஎச்-டி9200, ஆடிஸி எல்சிடி-எக்ஸ்சி. வெளிவந்தபோது இவற்றின் விலை ஏறக்குறைய 1,500 டாலரிலிருந்து 2,300 டாலர் வரை. என் மாதச் சம்பளத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

ஏன் க்ளோஸ்டு-பேக்? இசைப்பித்தர்கள் பலரும் பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோனைத்தான் சிலாகிப்பார்கள். அவர்கள் வீட்டில் சீலிங் ஃபேன் சுற்றாது போலிருக்கிறது. என் வீட்டில் மே மாதம் ஃபேனை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்க முடியாது. அடுத்த அறையில் அம்மா தூங்குவார், அடுப்படியில் மிக்ஸி ஓடும். மூடிய கூடு எனக்கு ரசனை சார்ந்த முடிவே அல்ல, குடித்தனம் நடத்தும் வழி.

பேஸுக்கும் காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் மூடுவதற்கும் ஒரு பழைய உறவு உண்டு. அதை விளக்க எனக்குத் தெரிந்த சுலபமான கருவி பால்பாயிண்ட் பேனா ரீஃபில். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விடுங்கள். மண்டைக்குள் லாரி எஞ்சின் ஐடிலில் நிற்கிற மாதிரி இருக்கும். இப்போது காதுக்குப் பின்னால், இயர்பேடுக்கும் தோலுக்கும் நடுவே அந்த ரீஃபிலைச் செருகுங்கள். எஞ்சின் நின்றுவிடும். சத்தம் குறைவதில்லை, காணாமலே போய்விடும். ரீஃபிலை உருவினால் திரும்ப வரும். ஹெட்ஃபோனின் சவ்வு, காதுக்கு முன்னால் அடைபட்டிருக்கும் கொஞ்சூண்டு காற்றைத்தான் அழுத்தி அழுத்தி விடுகிறது. வேகமான அதிர்வு என்றால் சின்ன ஓட்டை வழியே காற்று தப்ப நேரம் இருக்காது. விநாடிக்கு முப்பது முறை என்ற நிதானத்தில் அது சாவகாசமாக வெளியேறிவிடும்.

ரீஃபிலுக்கு எழுதியது அப்படியே மூக்குக் கண்ணாடிக் காம்புக்கும் பொருந்தும். நான் கண்ணாடிக்காரன். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியதன் பேஸ், காம்பு தடிமனாக இருப்பதால் பாதி போய்விட்டால் யாரிடம் போய் முறையிடுவது? மெல்லிய உலோகக் காம்புள்ள பழைய கண்ணாடியை அலமாரியில் தேடி எடுத்துப் போட்ட பிறகுதான் இந்த நான்கையும் ஒப்பிட்டேன்.

சோதனைக்கு நான் எடுத்துக்கொண்ட முதல் சத்தம் உறுமி. நண்பன் ஒருவன் தன் ஊர்க் கொடையில் நல்ல ரெக்கார்டரில் பதிவு செய்தது. வளைந்த குச்சியால் இடப்பக்கத் தோலை இழுத்துத் தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து எழும் அந்த முனகல், ஒரு சுருதியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே ஏறி இறங்கும். மோசமான ஹெட்ஃபோனில் இது வெறும் 'உம்'. நல்லதில் தோலின் சொரசொரப்பு வரைக்கும் தெரியும். இரண்டாவது, மிருதங்கத் தொப்பியில் வாசிக்கும் கும்கி. ரவைப் பசை பூசிய அந்த இடப்பக்கத்தில் மணிக்கட்டை அழுத்தி வளைக்கும் அந்த ஒரு கணத்தைத் தவறவிட்டால் மிருதங்கமே தட்டையாகிவிடும். மூன்றாவது, இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்கள். அவற்றில் பேஸ் கிடார் தாளத்துக்குத் துணை போவதோடு நிற்காமல் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டிருக்கும். நாலு கம்பி பேஸ் கிடாரின் மிகக் கீழான சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே தோண்டிப் பார்க்க ஜேம்ஸ் பிளேக்கின் 'லிமிட் டு யுவர் லவ்'. அதன் அதிரும் பேஸைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டால், பாட்டு நடுவே நின்றுபோய்விட்டது என்றே நினைப்பீர்கள்.

ஃபாஸ்டெக்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அம்மா கேட்டார், "குங்குமச் சிமிழா?" தப்பில்லை. ஜப்பானிய செர்ரி-பர்ச் மரத்தில் கடைந்த கூட்டின் மேல் உருஷி என்னும் மரப்பால் அரக்கைப் படலம் படலமாகப் பூசி, அடியில் வெள்ளித்தகடு பதித்து வரவழைத்த சிவப்பு அது. விரல் பட்டால் ரேகை விழும். சாப்பிட்ட கையோடு தொட முடியாது.

அழகு வெளியே. விசேஷம் உள்ளே இருக்கும் 50 மில்லிமீட்டர் சவ்வில். அதில் சேர்வது பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸ் இழை. ஜூஸ் கடையில் நாட்டா டி கோக்கோ என்று தேங்காய்த் தண்ணீரைப் புளிக்க வைத்த ஜெல்லித் துண்டு போட்டுத் தருகிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான். இந்தச் சமாச்சாரத்தை ஹெட்ஃபோனுக்குள் கொண்டுவந்து பெயர் வாங்கியது சோனியின் எம்டிஆர்-ஆர்10. 1989-இல் அதன் விலை 3,60,000 யென். எடை குறைவு, விறைப்பு அதிகம், தனக்கென்று சத்தம் கிடையாது என்பதால்தான் அந்த இழைக்கு இத்தனை மவுசு. ஃபாஸ்டெக்ஸ் அதன் பின்னால் 1.5 டெஸ்லாவைத் தாண்டும் காந்தத்தை வைத்தது. அத்தனை பலமான காந்தம் எதற்கு? சவ்வைத் தள்ளுவதைவிட, தள்ளியதைச் சொன்ன இடத்தில் நிறுத்துவதற்கு. சுமாரான ஹெட்ஃபோனில் பேஸ் அடித்த பிறகும் சவ்வு ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும். நாம் அதை 'கும்'மென்று இருக்கிறது என்று பாராட்டிக்கொண்டிருப்போம்.

உறுமி இதில் வந்து இறங்கியதைச் சொல்ல வேண்டும். முனகலின் ஆழம் வரை ஒரே சீராக இறங்கியது. குச்சி தோலைக் கவ்வி விடும் ஒவ்வொரு கவ்வலும் தனித்தனியாக எண்ணலாம் போலிருந்தது. ஜேம்ஸ் பிளேக் பாட்டில் கண்ணாடி மூக்கில் அதிர்வது போன்ற பிரமை. பேஸ் பிரியருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இளையராஜா பாட்டுக்கு மாறினேன். பேஸ் கிடார் பிரமாதம், ஆனால் ஜானகியம்மாவின் குரல் இரண்டடி பின்னால் போய் நின்றது. 'ச', 'ஸ' வருமிடமெல்லாம் காதில் ஊசி. பேஸும் உச்சஸ்தாயியும் தூக்கலாக, நடுவே பள்ளம் விட்ட வடிவம் இது. 8,000 ஹெர்ட்ஸ் அருகே ஈக்வலைசரில் நாலு டெசிபல் குறைத்ததும் ஊசி போனது, குரல் ஓரடி முன்னால் வந்தது. மிச்ச ஓரடியை நான் மன்னித்துவிட்டேன். இன்னொன்று, பெயர்தான் க்ளோஸ்டு-பேக். ஃபேன் சத்தம் தாராளமாக உள்ளே வருகிறது.

சோனிக்காரர்கள் வேறு வழியில் போயிருக்கிறார்கள். மக்னீசியக் குமிழ் வைத்த 70 மில்லிமீட்டர் சவ்வு, ஏறக்குறைய காதளவு. கூடு கனடா நாட்டு ஊசியிலை மரக்கூழால் ஆன காகிதப் படிவம். அதன்மேல் உலோக வலை. பின்பக்கம் போகும் ஒலி சுவரில் மோதித் திரும்பி வருவதுதான் மூடிய கூட்டின் நிரந்தர வியாதி, டப்பாவுக்குள் தலையை விட்ட உணர்வு அதனால்தான். இந்தக் காகிதம் அந்த எதிரொலியைப் பெருமளவு விழுங்கிவிடுகிறது. 2016-இல் வந்த இதை மாட்டினால் அறை பெரிதாகிவிடுகிறது. பேஸ் நிறையவே இருக்கிறது, ஆனால் ஃபாஸ்டெக்ஸ் மாதிரி கீழே குத்திட்டு இறங்குவதில்லை, சற்று மேலே அகலமாகப் பரவி உட்கார்ந்திருக்கிறது. கோயில் மண்டபத்தில் தவில் கேட்பது போல. உறுமி கம்பீரம். கும்கி மட்டும் கொஞ்சம் பூசி மெழுகினாற்போல. மூன்று மணி நேரம் மாட்டியிருந்தும் தலை வலிக்காதது இது ஒன்றுதான். 385 கிராம் என்பதை நம்பவே முடியவில்லை.

டெனான் டி9200-இன் கூடு ஷிகோகு தீவிலிருக்கும் கோச்சி மாநிலத்து மூங்கில். இங்கே ஒரு குடும்பக் கதை உண்டு. டெனானின் பழைய டி5000, டி7000 ஹெட்ஃபோன்களைச் செய்து கொடுத்தது ஃபாஸ்டெக்ஸின் தாய் நிறுவனமான ஃபாஸ்டர் எலெக்ட்ரிக். அந்த உறவு முறிந்த பிறகு ஃபாஸ்டர் வீட்டிலிருந்து 2012-இல் வந்ததுதான் டிஎச்-900. டெனான் தன் சொந்த சவ்வோடு எழுந்து நின்று 2018-இல் டி9200-ஐக் கொண்டுவந்தது. பங்காளிகள் என்றாலும் குணம் வேறு. டெனானில் பேஸ் சரியான அளவு, கெட்டியானது, வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும். கும்கி நான்கிலும் இதில்தான் அச்சு அசலாக இருந்தது: மணிக்கட்டு எங்கே அழுத்துகிறது, எங்கே விடுகிறது எல்லாம் தெளிவு. ஜானகியம்மா முன்வரிசைக்கு வந்துவிட்டார். ஆனால் உறுமி? மரியாதையாகப் பேசியது. உறுமி மரியாதையாகப் பேசக் கூடாது.

ஆடிஸியைப் பற்றி அதிகம் எழுத முடியாதபடி என் கழுத்து தடுக்கிறது. சுமார் 650 கிராம். அரைக் கிலோ தக்காளியும் மேலே ஒரு கைப்பிடியும். வழக்கமான சவ்வுக்குப் பதில் 106 மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லிய தகடு, காந்த வரிசையின் முன்னால் மொத்தமாக அதிரும் பிளேனார் வகை. 20 ஹெர்ட்ஸ் வரை பேஸ் தளர்வதே இல்லை. ஃபேன், மிக்ஸி எல்லாவற்றையும் இதுதான் நன்றாக அடைத்தது. ஒலிப்பதிவில் இருக்கும் பேஸை உள்ளபடி கொடுக்கும், ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காது. ஸ்டூடியோவில் வேலை செய்பவருக்கு அது வரம். நான் ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்பவன்.

ஃபோகல் ஸ்டெல்லியா என்னும் இன்னொரு க்ளோஸ்டு-பேக்கையும் ஒரு கடையில் பத்து நிமிடம் கேட்டேன். பிடித்திருந்தது. பத்து நிமிடத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதாக இல்லை.

வாங்க நினைப்பவர் ஆம்ப் விஷயத்தில் ஏமாறக் கூடாது. ஃபாஸ்டெக்ஸும் டெனானும் 25 ஓம் அக்கம்பக்கம். போனில் செருகினாலே சத்தம் வந்துவிடும், ஆகவே பெரிய ஆம்ப் தேவையில்லை. ஆனால் ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொது வழக்கு. இங்கே அது மூன்று ஓம். மீறினால் சவ்வைப் பிடித்து நிறுத்தும் பிடி தளர்ந்து பேஸ் கொழகொழக்கும். நண்பனின் அழகான வால்வு ஆம்பில் ஃபாஸ்டெக்ஸைச் செருகியபோது அதுதான் நடந்தது. "மச்சி, சூடா இருக்குல்ல சவுண்டு?" என்றான். ஆம்ப்தான் சூடாக இருந்தது.

இயர்பேடையும் பார்த்து வாங்குங்கள். முன்பு வேறொரு விலையுயர்ந்த ஹெட்ஃபோன் வைத்திருந்தேன். சென்னை வியர்வையில் இரண்டே வருடத்தில் அதன் செயற்கைத் தோல் உரிந்து, அலுவலகத்தில் ஒருநாள் கன்னமெல்லாம் கறுப்புச் செதிலோடு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர்கூடச் சொல்லவில்லை. தோல் உரிந்தால் பார்வை மட்டும் கெடாது, ரீஃபில் செய்த வேலையை அதுவும் செய்யும்.

பேஸ் தூக்கலான ஹெட்ஃபோனுக்கு ஆதரவாக, யாரும் அவ்வளவாகச் சொல்லாத ஒரு வாதமும் உண்டு. வால்யூம் குறையும்போது நம் காதுக்கு மற்றதைவிட பேஸ்தான் முதலில் கேட்காமல் போகும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-இலேயே இதை அளந்து வைத்துவிட்டார்கள். பேஸ் போதாத ஹெட்ஃபோனில் பேஸ் பிரியன் செய்வது ஒன்றே: வால்யூமைக் கூட்டுவான். ஃபாஸ்டெக்ஸில் நான் வழக்கத்தைவிட நாலைந்து புள்ளி குறைத்தே கேட்டேன், குறை தெரியவில்லை.

குரலுக்காகவும் கச்சேரிக்காகவும் கேட்பவர், அளவான பேஸ் போதும் என்பவர் டெனானை எடுக்கலாம். நீண்ட நேரம் மாட்டிக்கொண்டு வேலை செய்பவருக்கு சோனி. கழுத்து பலமும் இரைச்சலான வீடும் உள்ளவருக்கு ஆடிஸி. எனக்கு ஊசி எடுத்த ஃபாஸ்டெக்ஸ்தான். அதன் சொந்தக்காரன் விற்கத் தயார். இயர்பேட் ஒரு ஜோடி புதிதாகப் போட வேண்டும், அதைக் கழித்துத்தான் தருவேன் என்கிறேன். அவன் உருஷிக்குத் தனி விலை சொல்கிறான். இன்னும் படியவில்லை.