மால்தஸ் ஐயரின் இறையியலும் மதுரைக் கண்மாய்களும்

வெள்ளமோ வறட்சியோ நேரும்போதெல்லாம், மக்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டதே அழிவுக்குக் காரணம் என்னும் விளக்கம் மேடைகளில் மட்டுமன்றி நம் அருளுரைகளிலும் இடம்பெறுகின்றது. இவ்விளக்கத்திற்குத் தந்தை எனத் தக்கவர் தாமஸ் ராபர்ட் மால்தஸ். பொருளியல் மாணவர் நன்கறிந்த இவர், இங்கிலாந்துத் திருச்சபையில் அருட்பொழிவு பெற்ற குருவானவர் என்பதையும், மக்கட்பெருக்கத்தைப் பற்றி 1798ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல் இரண்டு இறையியல் அதிகாரங்களுடன் முடிவுற்றது என்பதையும் நம்மில் சிலரே அறிவர். அவ்விறையியலை மதுரை மண்ணில் நின்று மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலின் மையக் கருத்து எளிது. மக்கள்தொகை பெருக்கல் விகிதத்திலும், உணவு கூட்டல் விகிதத்திலும் வளரும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள பிளவைப் பஞ்சமும் நோயும் போரும் அடைக்கும். நல்ல கடவுள் இத்தகைய உலகை ஏன் படைத்தார்? உயிரற்ற பருப்பொருளிலிருந்து மனத்தை எழுப்பி உருவாக்கும் கடவுளின் பட்டறையே இவ்வுலகம். பசியும் தேவையும் சோம்பிய மனத்தை விழிக்கச் செய்யும் தாற்றுக்கோல்கள் என்று மால்தஸ் விடையிறுத்தார். இவ்விடையின் சிறப்பை மறுத்தல் நேர்மையாகாது. துன்புறுவோர் ஒவ்வொருவரும் தத்தம் பாவத்திற்கே தண்டனை பெறுகின்றனர் என்னும் மலிவான முடிவுக்கு அவர் செல்லவில்லை. மானிடர் முன்னேற்றத்தில் வரம்பற்ற நம்பிக்கை கொண்டிருந்த அக்காலத்துச் சிந்தனையாளர் தவிர்த்த கேள்வியை அவர் துணிந்து எதிர்கொண்டார்.

எனினும், பசித்தவனுக்குப் பங்கு மறுக்கப்படுவதையும் இயற்கையின் நியதி என்றே அவர் கண்டார். 1803ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விறையியல் அதிகாரங்கள் நீக்கப்பட்டன. இயற்கையின் விருந்தில் ஏழைக்கு இடமில்லை என்னும் உவமை சேர்க்கப்பட்டது. கண்டனம் எழவே, 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் அதுவும் மறைந்தது. அவ்வுவமை பந்தியில் ஏற்கெனவே அமர்ந்திருப்பவரின் பார்வையாகும். வாயிலில் நிற்பவர் எத்தனை பேர் என்று அது எண்ணுகின்றது. பந்தியைப் பரப்பியவர் யார், இலைகளைப் பங்கிட்டவர் யார் என்று வினவவில்லை.

இக்கருத்து நம் நாட்டை எட்டாமல் நின்றதன்று. மால்தஸ் 1805 முதல் 1834இல் மறையும்வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரைப் பயிற்றிய கல்லூரியில் பேராசிரியராயிருந்தார். 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் மதுரைச் சீமை உள்ளிட்ட சென்னை மாகாணத்தை வாட்டியபோது, இந்திய மக்கள் உணவைவிட விரைந்து பெருகுகின்றனர் என்று வைஸ்ராய் லிட்டன் வாதிட்டார். நிவாரணப் பணியில் உழைத்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்னும் அளவை சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதனை எதிர்த்தார். அதே காலத்தில் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் மால்தஸ் ஒருவரே காரணர் எனல் மிகையாகும். ஆயினும் அவருடைய கோட்பாடு ஆள்வோரின் மனச்சான்றுக்கு ஒரு தலையணையாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

கோட்பாட்டை வரலாறு சோதித்துவிட்டது. 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்தது. அன்றைய மக்கள்தொகை, தாது வருடத்தில் இருந்ததைப்போல் பன்மடங்கு. உழவர் சொல்லொணாத் துயருற்றனர். ஆனால் வீதிகளில் இலட்சக்கணக்கானோர் பசியால் மடியவில்லை. இடையில் வந்தவை பாசன விரிவும், இரயில் பாதை விரிவும், நியாயவிலைக் கடையும், கேள்வி கேட்கும் வாக்காளருமே. உணவு இருப்பதால் மட்டும் பசி தீராது, அதனைப் பெறும் உரிமையும் வேண்டும் என அமர்த்தியா சென் 1981இல் தம் நூலில் நிறுவியது இதனையே.

அவ்வாறாயின் எண்ணிக்கை பொருட்டன்றோ? பொருட்டே. 1901இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 6 ஆயிரம் பேர் வாழ்ந்த மதுரை நகரில், 2011இல் 10 இலட்சத்து 17 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். வந்தவர் எங்கேனும் குடியிருந்தாக வேண்டும். ஆனால் எங்கே என்பதை முடிவு செய்தது எண்ணிக்கையன்று. நம் கண்மாய்கள் தனித்தனிக் குளங்களல்ல; ஒன்றின் மறுகால் நீர் அடுத்ததன் வரத்தாகும் சங்கிலித் தொடர். ஒரு கண்ணி அறுந்தால் நீர் வீடுகளில் புகும். அக்கண்ணிகளை அறுத்தவர் ஏழைகள் மட்டுமல்லர். தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சி அலுவலகமும், உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் 2004இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளையும் எழுந்தன. 2024 அக்டோபர் 25 அன்று சில மணிநேரம் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் நிரம்பி வழிந்தபோது, நீர் புகுந்தது செல்லூரின் தாழ்வான தெருக்களில். இத்தனைக்கும் தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8 என்னும் அளவுக்குப் பிறப்பு விகிதம் முன்னரே தாழ்ந்திருந்தது. பெருக்கத்தின் வேகம் தணிந்தது. அடைபட்ட வாய்க்கால் திறக்கவில்லை.

திருமறை இவ்விடத்தில் நமக்கு இரு சான்றுகளைத் தருகின்றது. யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பலுகியதை ஆசிரியர் ஆசீர்வாதமாக விவரிக்கின்றார்; அதே பெருக்கத்தைப் பார்வோன் அச்சுறுத்தலாகக் காண்கின்றான். ‘இவர்கள் மிகுந்துவிட்டனர்’ என்னும் சொல் எவர் வாயிலிருந்து பிறக்கின்றது என்பதை நாம் கவனிக்க வேண்டும். லூக்கா 13ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேர்மீது ஆண்டவர் குற்றம் சுமத்த மறுக்கின்றார்; கேட்டுக்கொண்டிருப்போரை மனந்திரும்ப அழைக்கின்றார். மால்தஸ் ஐயரின் இறையியலில் துன்பம் இறந்தவருக்கோ இருப்பவருக்கோ பாடமாகின்றது. ஆண்டவரின் சொல்லிலோ அது உயிரோடிருப்பவரின் பொறுப்பாகின்றது.

ஆகவே, வெள்ளத்திற்குப் பின்வரும் ஞாயிறன்று பீடத்தில் நிற்கும் ஆயர் மக்கட்பெருக்கத்தைப் பழித்துவிட்டு இறங்குதல் போதாது. தம் சபையின் ஆலயமும் பள்ளியும் மண்டபமும் எந்த வரத்துக் கால்வாயின் மேல் நிற்கின்றன என்று பழைய நில வரைபடத்தைப் பார்த்து அறிந்து, சபையாருக்கு அதனை அறிவிக்கும் கடமையும் அவருக்குண்டு. இறையியல் மாணவரோ, மால்தஸின் முதற்பதிப்பில் இறுதி இரு அதிகாரங்களை யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தோடு சேர்த்துப் பயில்வாராயின், தாம் எவர் பக்கம் நின்று கணக்கெடுக்கின்றோம் என்பதைத் தெளிவாக உணர்வர்.