சொம்பு பார்க்கும் அறை

எவர்சில்வர் சொம்பை வெள்ளைத் திட்டு விழாமல் படமெடுப்பது எப்படி என்று ஸ்டூடியோக்களில் கேட்டால், பதில்கள் ஒரே மூச்சில் வரும். லென்ஸில் போலரைசர் மாட்டலாம், வெள்ளைத்துணிக் கூடாரத்துக்குள் வைக்கலாம், மங்கலாக்கும் ஸ்ப்ரே அடிக்கலாம், டிரேசிங் பேப்பர் வழியாக வெளிச்சம் விடலாம், எதுவும் சரிவராவிட்டால் ஃபோட்டோஷாப் இருக்கவே இருக்கிறது. ஆனால் இவை ஒரே தரத்து யோசனைகள் அல்ல. தரம் பிரிக்க இரண்டு கேள்விகள் போதும். பரப்பில் உள்ளது, அதாவது வேலைப்பாடும் கீறலும் நசுங்கலும், படத்தில் தெரிகிறதா? தெரிந்த பிறகும் அது மெருகேற்றிய உலோகமாகத் தோன்றுகிறதா?

போலரைசரிலிருந்து தொடங்குவோம், அதிகம் பரிந்துரைக்கப்படுவதும் குறைந்த பயன் தருவதும் அதுதான். கண்ணாடியிலோ தண்ணீரிலோ ஒளி ஒரு குறிப்பிட்ட சாய்வில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வு ஒரே தளத்துக்கு ஒடுங்கிவிடுகிறது. கண்ணாடிக்கு அந்தக் கோணம் சுமார் 56 டிகிரி, தண்ணீருக்குச் சுமார் 53. டேவிட் புரூஸ்டர் 1815இல் வகுத்த விதி இது. அப்படி ஒடுங்கிய ஒளியைத்தான் ஃபில்டர் தடுக்கிறது. உலோகம் இந்த விதிக்கு உட்படுவதில்லை. சாதாரண விளக்கின் ஒளி சொம்பில் பட்டால் பெரும்பாலும் வந்தபடியே திரும்புகிறது. ஃபில்டரைச் சுழற்றச் சுழற்ற மேசையின் வார்னிஷ் பளபளப்பு மறையும், சொம்பின் திட்டு அசையாது. மிஞ்சுவது ஒன்றரை ஸ்டாப் அளவு வெளிச்ச இழப்பு.

விளக்கின் முன்னும் ஒரு போலரைசர் தாள் வைத்து, லென்ஸில் உள்ளதை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் திட்டு அடங்கும் என்பது உண்மை. ஓவியங்களைப் பிரதியெடுக்க அருமையான முறை. ஆனால் மெருகேற்றிய உலோகத்திடமிருந்து கேமராவுக்கு வருவதே நேர் எதிரொளிதான். அதை அணைத்தால் வேறு எதுவும் மிஞ்சாது. வெள்ளிக் கிண்ணம் கரியடுப்பில் கிடந்தது போல் ஆகிவிடும். முதல் கேள்வியிலும் தோல்வி, இரண்டாவதிலும் தோல்வி.

காரணம் எளிது. வெள்ளி தன்மேல் விழும் ஒளியில் 95 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. எவர்சில்வர் அவ்வளவு இல்லை, ஆனாலும் பாதிக்கு மேல். சொம்பின் படம் என்று நாம் எடுப்பது, சொம்பு பார்த்துக்கொண்டிருக்கும் அறையின் படம். கண்கூசும் திட்டு என்பது அந்த அறையில் எரியும் சின்ன விளக்கு. ஆகவே கேள்வியையே மாற்ற வேண்டும்: எதிரொளியை எப்படி ஒழிப்பது என்பதை விட்டுவிட்டு, எதை எதிரொளிக்க விடுவது என்று கேட்க வேண்டும்.

ஃபில் ஹண்டரும் பால் ஃபுக்குவாவும் எழுதிய ‘லைட்: சயின்ஸ் அண்ட் மேஜிக்’ என்ற பாடநூல் இதைக் கோணங்களின் கணக்காக்கித் தருகிறது. லென்ஸிலிருந்து பொருளின் விளிம்புகளுக்குக் கோடு இழுத்து, அவை பட்டுத் தெறிக்கும் திசைகளைக் குறித்தால், அந்த வீச்சுக்குள் இருப்பது மட்டுமே படத்தில் தெரியும். தட்டையான தட்டுக்கு அந்த வீச்சு சிறியது, ஒரே ஒரு வெள்ளைப் பலகை போதும். சொம்பின் குமிழ் வயிறோ ஏறக்குறைய அறை முழுவதையும் பார்க்கிறது, கேமராவையும் அதை இயக்குபவரையும் சேர்த்து.

அப்படியானால் அறை முழுவதையும் வெள்ளையாக்கிவிடுவோம் என்பதுதான் கூடாரத்தின் தர்க்கம். முதல் கேள்வியில் அது தேறுகிறது. இரண்டாவதில் தடுமாறுகிறது. எல்லாப் பக்கமும் வெள்ளை என்றால் விளிம்பு பின்னணியில் கரைந்துவிடும், வளைவு தட்டையாகும், எவர்சில்வர் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகும். லென்ஸ் நுழைந்த பிளவு மட்டும் கருங்கோடாக நடுவில் நிற்கும். அனுபவசாலிகள் அதன் பிறகு செய்வதைக் கவனியுங்கள்: கூடாரத்துக்குள்ளேயே கருப்பு சார்ட் அட்டையைக் கீற்றாக வெட்டி இருபுறமும் நிறுத்துகிறார்கள். ஒழித்த எதிரொளியைத் திரும்ப அழைத்து வருகிறார்கள். கூடாரம் தன்னளவில் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஸ்ப்ரேக்கு என் ஒப்புதல் மிகக் குறுகியது. முப்பரிமாண ஸ்கேன் எடுப்பவர்களுக்கு வடிவம் மட்டுமே தேவை, அவர்கள் தாராளமாக அடிக்கட்டும். பாத்திரக்கடை அட்டவணைக்கு அடித்தால் படத்தில் இருப்பது வேறு சரக்கு. பழைய வெள்ளிக்கு அடிப்பது அதைவிட மோசம், துடைத்தெடுக்கும் ஒவ்வொரு தேய்ப்பும் மெருகைத் தொடும். பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வெளிப்புறம் ஆவி படிய வைக்கும் பழைய தந்திரம் தீங்கற்றதுதான், ஆனால் சென்னையின் ஈரக்காற்றில் ஆவி சீக்கிரமே துளியாகத் திரண்டு வழியத் தொடங்கிவிடும்.

1612இல் ஃபிளாண்டர்ஸ் ஓவியர் கிளாரா பீட்டர்ஸ் வரைந்த கோப்பைகள் இந்த இடத்தில் நினைவுக்கு வருகின்றன. பொன்முலாம் பூசிய கோப்பையின் குமிழ்களில் தன் உருவத்தையே குட்டிகுட்டியாகப் பலமுறை தீட்டியிருக்கிறார். தூரிகை பிடித்தவருக்கு அதை விட்டுவிடுவது எளிது. விடவில்லை. அந்தக் குமிழ்கள் உலோகம் என்று நம்மை நம்பவைப்பதில் அந்த உருவங்களுக்கும் பங்கு உண்டு.

என் தீர்ப்பு டிரேசிங் பேப்பருக்கே. பொருளைவிடப் பலமடங்கு பெரிய தாளை ஒருபுறம் தொங்கவிட்டு, பின்னால் உள்ள விளக்கைத் தாளின் ஒரு ஓரத்துக்கு நெருக்கமாக வைத்தால், வெண்மை ஓரிடத்தில் கூடி மெல்லத் தேய்ந்து போகும். அந்தத் தேய்வுதான் சொம்புக்கு உருட்சி தருகிறது. எதிர்ப்புறம் ஒரு கருப்புக் கீற்று விளிம்பை வரைகிறது. முறைக்குக் குறைகள் உண்டு: இடம் கேட்கும், ஒவ்வொரு வடிவத்துக்கும் புதிதாக அமைக்க வேண்டும், நாளொன்றுக்கு நூறு பாத்திரம் எடுக்கும் கடைக்கு ஒத்துவராது. அங்கே கீற்று வைத்த கூடாரமே நடைமுறை.

கேமராவின் நிழலுருவை மட்டும் எந்தத் தாளும் மறைக்காது. நீண்ட லென்ஸ் போட்டுத் தள்ளி நின்றால் அது புள்ளியாகச் சுருங்கும். விளம்பரப் படத்தில் அந்தப் புள்ளியை ஃபோட்டோஷாப்பில் அழிப்பதை நான் ஏற்கிறேன், வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த சட்டங்களை ஒட்டுவதையும்கூட. ஏலத்துக்கோ அருங்காட்சியகப் பதிவுக்கோ எடுக்கும் படத்தில் இரண்டையும் ஏற்கமாட்டேன். புள்ளியை அழிக்கும் அதே கருவி பக்கத்தில் உள்ள நசுங்கலையும் அழிக்கும், பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.