ஏலக்காய் ஸ்டோரில் எரிவது எது?

சூரியன், காற்றைப் போல விறகும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல்தான். வெட்டிய மரம் மறுபடி வளரும் என்பது வாதம். போடிமெட்டு தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை வரை கிடக்கும் ஏலத்தோட்டங்களின் ஸ்டோர்களில், அதாவது காய் உலர்த்தும் கூடங்களில், காலங்காலமாக எரிந்துவருவதும் விறகே. பிறகு குறை சொல்ல என்ன இருக்கிறது?

கணக்கைப் பார்க்கலாம். பறித்த பச்சைக்காயில் ஏறத்தாழ 80 சதவீதம் ஈரம். அது 10 சதவீதம் அளவுக்கு இறங்கினால்தான் போடிச் சந்தையில் காய் விலைபோகும். ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு நாலரை கிலோ பச்சைக்காய் வேண்டும். மூன்றரை கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். அதற்கான வெப்பம் சுமார் 2.3 யூனிட். நன்றாகக் காய்ந்த விறகு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலே ஏட்டுக்கணக்கில் போதும். ஸ்டோர் அடுப்பு அதைப்போலப் பல மடங்கு தின்கிறது. அடுப்புச் சூடு தகரக் குழாய்களில் அறைக்குள் ஓடி, மிச்சம் புகைபோக்கியில் போய்விடுகிறது. காயின் ஈரத்தைச் சுமந்த சூடான காற்றும் அப்படியே வெளியேறுகிறது. மழைக்கால விறகோ தன் ஈரத்தைப் போக்கவே சூட்டில் ஒரு பங்கைச் செலவழிக்கும்.

ஏலம் நிழலில் வளரும் செடி. நிழல்மரங்களைக் கவாத்து செய்யும்போது விழும் கிளைகளை எரிப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அடுப்பின் பசி கிளைகளோடு அடங்காதபோதுதான் வம்பு. ஒரு பருவத்தில் சாம்பலாகும் மரம் அதே பருமனுக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை அதைப் புதுப்பிக்கத்தக்கது என்று சொல்வது ஏட்டுச் சுரைக்காய்தான்.

சூரியனை நம்பலாம் என்பவர்கள் இரண்டை மறக்கிறார்கள். நேர் வெயிலில் காயின் பச்சை வெளுத்துவிடும்; பச்சைக்குத்தான் விலை. கண்ணாடிக்குக் கீழே காற்றைச் சூடாக்கி அறைக்குள் அனுப்பினால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் அறுவடையின் பெரும்பகுதி மழையிலும் மேகமூட்டத்திலும் நடக்கிறது. உலர்த்தலும் இரவில் நிற்காமல் 45 டிகிரியை ஒட்டி ஒரு நாள் அளவுக்குத் தொடர வேண்டும். ஜனவரி, பிப்ரவரியின் கடைசிப் பறிப்புகளுக்கு மட்டும் வெயில் உண்மையான துணை.

கவனிக்க வேண்டியது வேறொன்று. வெயிலை மறைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் தமிழ்நாட்டின் காற்றாலைகளை மே முதல் செப்டம்பர் வரை சுழற்றுகிறது. கம்பம் கணவாய் வழி வரும் காற்று தேனிச் சமவெளி ஆலைகளை ஓட்டுகிறது. மலைமேல் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் உண்டு. பறிப்பு சூடுபிடிக்கும் ஆகஸ்டில் காற்று மின்சாரம் தாராளம். அதை ஹீட்டரில் விட்டால் வீண். வெளியேறும் ஈரக்காற்றின் வெப்பத்தைப் பிடித்துத் திருப்பியனுப்பும் வெப்ப பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் தரும். புகைபோக்கியில் போன பணம் இதில் திரும்பிவரும்.

இதிலும் ஓட்டை உண்டு. அக்டோபருக்குப் பிறகு காற்று ஓய்ந்துவிடும். வடகிழக்குப் பருவத்தில் வெயிலும் இராது. மழையில் கம்பிமேல் மரம் சாய்ந்தால் மலையில் மின்சாரம் எப்போது வரும் என்று எவரும் சொல்ல முடியாது. பாதி உலர்ந்த காய் அதுவரை காத்திருக்காது. நிறம் கெடும், பூஞ்சை பிடிக்கும். ஆகவே விறகடுப்பை இடிக்கச் சொல்ல மாட்டேன். மேம்பட்ட உலர்த்திகளுக்கு ஸ்பைசஸ் போர்டு மானியம் தந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் விறகைக் கூரைக்கடியில் காயவைப்பதும், சுவருக்கு வெப்பத்தடை போடுவதும் அதைவிட மலிவு. யாரும் திறப்புவிழா நடத்த முடியாத வேலை என்பதாலோ என்னவோ, அதைப்பற்றிப் பேச்சே இல்லை.

சிறு விவசாயிகள் பலருக்குச் சொந்த ஸ்டோர் கிடையாது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அடுத்தவர் ஸ்டோரில் உலர்த்துகிறார்கள். விறகுச் செலவு கூலியில் ஏறிவிடுவதால், ஸ்டோர்க்காரருக்கு அதைக் குறைக்கும் அவசரமில்லை. உலர்த்திய ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை கிலோ விறகு, எத்தனை யூனிட் மின்சாரம் என்பதைக் கூலிச்சீட்டில் எழுத வைத்தால், இரண்டு ஸ்டோர்களை ஒப்பிட்டுப் பார்க்க விவசாயிக்கு ஒரு வழி கிடைக்கும். கதவிடுக்கை அடைக்கும் வேலை அந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடும்.