ஒற்றை மரபணுவில் நிற்கும் பெயர்கள்

பிராக்கோனிட் குடும்பத்தைச் சேர்ந்த 403 ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு 2021-இல் ஒரே கட்டுரையில் புதிய சிற்றினப் பெயர்கள் சூட்டப்பட்டன. குளவிகள் கோஸ்டாரிகாவைச் சேர்ந்தவை, பெரும்பாலானவை குவானகாஸ்டே பாதுகாப்புப் பகுதியில் கிடைத்தவை. மைக்கேல் ஷார்க்கி, டேனியல் ஜான்சன் முதலானோர் ‘ஜூகீஸ்’ ஆய்விதழில் வெளியிட்ட அந்தக் கட்டுரை, பெரும்பாலான சிற்றினங்களுக்கு அடையாளமாகத் தருபவை இரண்டுதான்: பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் ஒன்று, மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சி.ஓ.ஐ. மரபணுத் துண்டின் எழுத்து வரிசை ஒன்று. சுமார் 650 எழுத்துகள் கொண்ட அந்த வரிசையே டி.என்.ஏ. பார்கோடு எனப்படுகிறது. காடுகள் அழியும் வேகத்துக்கு ஈடுகொடுக்க இதைவிட்டால் வேறு வழியில்லை என்று இம்முறைக்காக வாதிடப்படுகிறது. அந்த வாதம் பார்கோடு செய்து முடித்த வேலையைச் சரியாகச் சொல்கிறது. அதனால் செய்ய முடியாத வேலையையும் அதன் தலையில் கட்டுகிறது.

செய்து முடித்தது சிறிதன்று. குவானகாஸ்டேயில் 1978 முதல் கம்பளிப்புழுக்களைத் தேடிப் பிடித்து வளர்த்து, எந்தப் புழுவிலிருந்து எந்தக் குளவி வெளிவருகிறது என்று குறித்துவைத்திருக்கிறார்கள். புதிய 403-இல் 219 சிற்றினங்களுக்கு விருந்தோம்பிப் புழு எது என்பது தெரியும். வெப்பமண்டலக் குளவி ஆய்வில் இது அரிய செல்வம். அதே காட்டின் மைக்ரோகாஸ்டர் வகைக் குளவிகளை உடலமைப்பை வைத்து 171 எனக் கணக்கிட்டிருந்தார்கள். பார்கோடும் விருந்தோம்பித் தகவலும் சேர்ந்தபோது அந்த எண்ணிக்கை 313 ஆனது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவற்றுக்குள் பல மறைந்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. வகைப்பாட்டாளர்கள் மிகச் சிலரே என்பதும் உண்மை.

குறை அடிப்படையில் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாக மட்டுமே இறங்குவது. அதன் மரபணு ஒன்று தாய்வழிக் கிளையின் வரலாற்றைச் சொல்லும். எந்த ஆண் எந்தப் பெண்ணோடு கூடிச் சந்ததி பெற்றது என்பதைச் சொல்லாது. சிற்றினத்தின் எல்லையோ அந்தக் கூடலில்தான் இருக்கிறது. பல விலங்குகளில் இரண்டும் ஒத்துப்போவதால் பார்கோடு பயன்படுகிறது. ஒட்டுண்ணிக் குளவிகளில் இந்த ஒப்புமையைக் கெடுக்கும் காரணம் ஒன்று பரவலாக உண்டு. அது வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா.

வோல்பாக்கியா உயிரணுவுக்குள் வாழ்ந்து, முட்டை வழியாகத் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கிறது. மைட்டோகாண்ட்ரியாவும் அதே வழியில்தான் செல்கிறது. தொற்றிய தாய்களின் சந்ததி மற்றவற்றை மிஞ்சிப் பெருகும்போது, முதலில் தொற்றிய தாயிடமிருந்த மைட்டோகாண்ட்ரியாவும் கூடவே பரவிவிடும். இதனால் இருவகைப் பிழைகள் நேரலாம். எப்போதோ கலந்த இரு சிற்றினங்கள் ஒரே பார்கோடைக் கொண்டிருக்கலாம். தங்களுக்குள் தடையின்றிக் கூடும் ஒரே சிற்றினத்தில், தொற்றுள்ள கிளையும் தொற்றில்லாக் கிளையும் இரண்டு பார்கோடுகளைக் காட்டலாம். முதல் பிழையில் ஒரு சிற்றினம் காணாமல் போகிறது. இரண்டாவதில் இல்லாத ஒன்றுக்குப் பெயர் கிடைக்கிறது. எது நேர்ந்தது என்று அறிய உட்கரு மரபணுக்களோ, உடலமைப்போ, கலப்புச் சோதனையோ வேண்டும். பார்கோடே வரையறையாகிவிட்டால், அதைச் சோதிக்க வேண்டிய சான்றுகளுக்கு அந்த வரையறைக்குள் இடமே இல்லை.

டிரைக்கோகிரம்மா பேரினத்தின் வரலாறு இதைத் தெளிவாக்குகிறது. கரும்பிலும் பருத்தியிலும் துளைப்பான்களின் முட்டைகளை அழிக்க அட்டையில் ஒட்டி விடும் முட்டை ஒட்டுண்ணி இதுதான். உடல் அரை மில்லிமீட்டர் அளவே. நெடுங்காலம் இவற்றை நிறத்தை வைத்துப் பிரித்தார்கள். நிறமோ வளரும் வெப்பநிலைக்கேற்ப மாறுவது. ஆய்வகங்கள் தவறான பெயர்களில் குளவிகளை வளர்த்து நாடு விட்டு நாடு அனுப்பின. இந்தியாவில் ஆஸ்ட்ராலிகம் என்று அழைக்கப்பட்டது உண்மையில் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ். பெங்களூரில் சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் 1968 முதல் இச்சிற்றினங்களை ஒன்றோடொன்று கலந்து பார்த்தனர். ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, நுண்ணோக்கியில் அதன் தகடுகளின் அகலத்தையும் நுனிகளின் நீளத்தையும் ஒப்பிட்டு, நம்பத்தக்க அடையாளம் அதுவே என்று 1971-இல் நிறுவினர். அந்த அடையாளத்துக்கு வலு சேர்த்தது கலப்புச் சோதனை. ஒன்று தவறினால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

இதே பேரினத்தில் ஆண்களே இல்லாத கிளைகளும் உண்டு. அதற்குக் காரணம் ஒரு நுண்ணுயிர் என்பது 1990-இல் தெரியவந்தது: நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்ததும் ஆண்கள் மீண்டும் பிறந்தன. அந்த நுண்ணுயிர் வோல்பாக்கியா என்பது பின்னர் உறுதியானது. இத்தகைய குடும்பங்களில் தாய்வழி மரபணு ஒன்றை மட்டும் நம்புவது, அன்று நிறத்தை மட்டும் நம்பியதற்குச் சமம். கருவி நவீனமானது என்பதால் ஒற்றைச் சான்றின் குறை நீங்கிவிடாது.

பார்கோடுகளைத் தொகுக்கும் கணக்கும் உறுதியானதன்று. அது ஏறத்தாழ 2.2 விழுக்காட்டு வேறுபாட்டைத் தொடக்க எல்லையாகக் கொண்டு, பார்கோடுகளை எண்ணிட்ட தொகுதிகளாகப் பிரித்து, புதிய மாதிரிகள் சேரச் சேர அவற்றைத் திருத்திக்கொள்கிறது. ருடால்ஃப் மையரும் கூட்டாளிகளும் 2022-இல் 403 சிற்றினக் கட்டுரையின் தரவையே மறுபடி ஆராய்ந்து, கணக்கிடும் முறை மாறினால் எல்லைகளும் மாறுகின்றன என்று காட்டினர். மாறுவது ஆய்வில் குற்றமன்று. மாறக்கூடிய தொகுதி எண்ணின் மேல் லத்தீன் பெயரை ஏற்றுவதுதான் தவறு. எண்ணைத் திருத்துவது எளிது. அச்சேறிய பெயரோ விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி என்றென்றும் கணக்கில் இருக்கும். பனாமாவிலோ மெக்சிகோவிலோ அடுத்து ஆராய்பவர் அதைத் தீர்த்துவைத்த பிறகே மேலே செல்ல முடியும். நூறாண்டுக்கு முந்தைய மூலமாதிரிகள் பலவற்றில் டி.என்.ஏ. சிதைந்திருப்பதால், பழைய பெயர்களோடு ஒப்பிட உடலமைப்பே வழி. அந்த வழியைத்தான் 403 சிற்றினக் கட்டுரை விட்டுவிட்டது. விருந்தோம்பித் தகவல் என்னும் மிகச் சிறந்த சான்றைக் கையில் வைத்துக்கொண்டே, அதை வரையறைக்கு வெளியே நிறுத்தியது அதைவிடப் பெரிய இழப்பு.

முழு விவரணை எத்தனை காலத்துக்கு உழைக்கும் என்பதற்கு அனகைரஸ் லோப்பெசி சான்று. அர்ஜென்டினாவின் லூயிஸ் தெ சாந்திஸ் 1964-இல் இக்குளவியை விவரித்தபோது அதற்குப் பொருளாதார முக்கியத்துவம் ஏதுமில்லை. ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்த மாவுப்பூச்சிக்கு எதிரியைத் தேடியவர்கள் முதலில் தென் அமெரிக்காவின் வடபகுதியில் அதையொத்த வேறொரு மாவுப்பூச்சியைக் கண்டு ஏமாந்தனர். உண்மையான பூச்சி 1981-இல் பராகுவேயில் அகப்பட்டது. அதன்மேல் வாழ்ந்த குளவிக்குப் பெயரும் விவரணையும் ஆயத்தமாக இருந்தன. ஆப்பிரிக்காவில் விடப்பட்ட அக்குளவி, அதே மாவுப்பூச்சி தமிழ்நாட்டு மரவள்ளியைத் தாக்கியபோது பெனினிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

குவானகாஸ்டேயின் தொகுதிகளைத் தற்காலிக எண்களோடு வெளியிட்டிருந்தால் வேகம் சிறிதும் குறைந்திருக்காது. விருந்தோம்பித் தகவல், படங்கள், வரிசைகள் அனைத்தும் அன்றே எல்லோருக்கும் கிடைத்திருக்கும். உட்கரு மரபணுக்கள் சிலவும் ஆண், பெண் இரண்டின் உடலமைப்பும் ஒரே எல்லையைக் காட்டும் தொகுதிகளுக்கு முதலில் பெயர் தரலாம். முரண்படுபவற்றில் வோல்பாக்கியா இருக்கிறதா என்று சோதித்த பிறகே பெயரைப் பற்றி யோசிக்க வேண்டும். வளர்த்தெடுத்த மாதிரிகள் பாதுகாக்கப்பட்டிருப்பதால், 403 பெயர்களையும் இந்தச் சோதனைக்கு இப்போதும் உட்படுத்தலாம்.