பித்தளைக் கூட்டுக்குப் பல பிறவி

ரைஃபிள் இலக்குச் சுடுதலில் சுடுவது எவ்வளவு இன்பமோ, அதே அளவு இன்பம் தோட்டாவை நாமே தயாரிப்பதிலும் இருக்கிறது. ஒஹையோவில் என் வீட்டுக் கராஜ் மூலையில் ஒரு மேசை, அதில் போல்ட் போட்டு இறுக்கிய ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் பிரஸ். அங்கே உட்கார்ந்துவிட்டால் நேரம் போவதே தெரியாது.

அமெரிக்க ஹைபவர் போட்டிகளில் 600 கஜ இலக்கின் பத்துப் புள்ளி வளையம் 12 அங்குலம். அதற்குள்ளிருக்கும் எக்ஸ் வளையம் வெறும் 6 அங்குலம். அவ்வளவு தூரத்தில் தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறினால் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறும். வெடிமருந்தை ஒரே அளவாக நிறுத்துப் போட்ட தோட்டாக்களோ கொத்தாக விழுகின்றன. முதன்முறை ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது!

சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடுதான் இந்தக் கலையின் மூலதனம். வெடிக்கும்போது அது விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. டை என்னும் அச்சுக்குள் விட்டு அழுத்தினால் பழைய அளவுக்கு வந்துவிடும்; கூட்டின் தோள்பட்டையை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு பின்தள்ளினால் போதும். அதற்கு மேல் தள்ளினால் கூட்டின் ஆயுள் குறையும். கழுத்தும் நீளும்: .308 வின்செஸ்டர் கூடு 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 2.005-க்கு வெட்டிவிடுவது வழக்கம்.

எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான்: ஒரு தோட்டாவை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடாதீர்கள். ஒரே வேலையை எல்லாக் கூடுகளுக்கும் முடித்த பிறகு அடுத்த வேலைக்குப் போங்கள். மருந்தைப் பற்றவைத்து முடிந்த பழைய பிரைமரைத் தள்ளுவது ஓர் இரவு, கழுவிக் காயவைப்பது ஓர் இரவு, டையில் அழுத்துவது இன்னோர் இரவு. டையை ஒருமுறை சரிசெய்தால் போதும், அளவும் பிசகாது. வெளியே பனி கொட்டும் ஜனவரியில் இதையெல்லாம் முடித்து வைத்தால், வசந்தத்தில் பிரைமர், மருந்து, குண்டு மட்டுமே பாக்கி.

மருந்து நிறுக்கும் தானியங்கிக் கருவியை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். என் தராசு 0.02 கிரெயின் வரை காட்டும். ஒரு மருந்துத் துகளின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். கடைசித் துகள் தட்டில் விழுந்து எண் நிற்பதைப் பார்ப்பதில் என்ன ஆனந்தம்! அடுத்த அளவை அது நிறுக்கும் நேரத்தில், முந்தைய கூட்டுக்குள் விளக்கடித்து மருந்து மட்டத்தைப் பார்த்து, குண்டைப் பொருத்திவிடுவேன். காத்திருக்கும் நேரமே இல்லாமல் போய்விட்டது. 200 கஜத்துக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. அதற்கு டில்லன் புரோகிரஸிவ் பிரஸ், கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா கையில்.

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் இவ்வளவு பரவியதற்கு புரூஸ் ஹாட்ஜ்டனுக்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்து ராணுவத்திடம் தேங்கிக் கிடந்த 4895 மருந்தை வாங்கி, வீட்டில் தோட்டா செய்பவர்களுக்கு விற்றவர் அவர். அந்தப் பெயரில் இன்றும் மருந்து கிடைக்கிறது.

மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பிரைமரைத் தொடக் கூடாது, அளவை அச்சிட்ட கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது. இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருந்து, இலக்குச் சுடுதலில் உங்களுக்கு ஆசையும் இருந்தால், முதலில் ஒரு நல்ல கையேட்டை வாங்கிப் படியுங்கள். பிரஸ்ஸை அப்புறம் வாங்கலாம்.