தறியும் பூங்காவும்: 'தி இமேஜினியரிங் ஸ்டோரி' ஆவணத்தொடரின் தொழில்நுட்பப் பார்வை

ஆய்வுச் சுருக்கம்

கருப்பொருள் பூங்காக்களின் பின்னணித் தொழில்நுட்பத்தை விவரிக்கும் 'தி இமேஜினியரிங் ஸ்டோரி' (2019) என்னும் ஆவணத்தொடர், தொழில்நுட்பம் என்பதை எவ்வாறு வரையறுக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தானியங்கிப் பொம்மையும் பட்டுத்தறியும் ஒரே வரலாற்றில் கிளைத்தவை. எனவே ஆரணியின் ஜக்கார்டு கைத்தறியை ஒப்பீட்டுப் புள்ளியாகக் கொண்டு தொடரின் சிறப்பும் குறையும் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆவணப்படத் திறனாய்வு, கருப்பொருள் பூங்கா, ஜக்கார்டு, ஆரணிப் பட்டு, கைத்தறி.

முன்னுரை

கருப்பொருள் பூங்காவும் தொலைக்காட்சியும் உடன்பிறந்தவை. வால்ட் டிஸ்னியின் 'டிஸ்னிலாந்து' நிகழ்ச்சி அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1954 அக்டோபர் 27 அன்று தொடங்கியது. அதே பெயருடைய பூங்கா 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. நிகழ்ச்சியைப் பெற்ற நிறுவனம் பூங்காவிற்கு முதலீடு வழங்கியது. நிகழ்ச்சியோ கட்டி முடிக்கப்படாத பூங்காவை வாரந்தோறும் வீடுகளுக்குக் கொண்டு சென்றது. ஆகவே பூங்காவின் தொழில்நுட்பத்தைத் திரையில் விளக்குதல் தொடக்கம் முதலே விளம்பரத்தோடு பிணைந்த ஒரு செயலாகும். லெஸ்லி ஐவர்க்ஸ் இயக்கி, டிஸ்னி நிறுவனத்தின் இணையவழித் தொலைக்காட்சியில் 2019 நவம்பரில் வெளியான ஆறு பகுதிகள் கொண்ட இத்தொடரும் அம்மரபில் வருவதே. இயக்குநர், டிஸ்னியின் தொடக்ககாலக் கூட்டாளியான அப் ஐவர்க்ஸின் பேத்தி என்பதும் கருதத்தக்கது.

தொடரின் சிறப்பு

உள்ளிருந்து எடுக்கப்பட்ட படைப்பாயினும் இதனை வெறும் புகழுரையாக ஒதுக்கிவிட இயலாது. 1992இல் பாரிஸ் அருகே திறக்கப்பட்ட பூங்காவின் நிதி நெருக்கடியையும், 2001இல் திறக்கப்பட்ட கலிபோர்னியா அட்வென்சர் பூங்கா பெற்ற மந்தமான வரவேற்பையும் அது பேசுகிறது. 'இமேஜினியரிங்' என்பது கற்பனை, பொறியியல் ஆகிய இரண்டன் கூட்டுச்சொல். அக்கூட்டு நிகழும் பட்டறைகளைக் காட்டும்போது தொடர் வலுப்பெறுகிறது. 1963இல் அறிமுகமான டிக்கி அறையின் பறவைகளும், 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் எழுந்து நின்று உரையாற்றிய லிங்கன் உருவமும் 'ஆடியோ-அனிமட்ரானிக்ஸ்' என்னும் முறையின் தொடக்கச் சாதனைகள். ஒலியும் அசைவுக்கான குறிப்புகளும் காந்த நாடாவில் பதிக்கப்பட்டு ஒருங்கே இயக்கப்பட்டன. அசைவு முதலில் பதியப்படுகிறது, பின்னர் பிழையின்றித் திரும்ப நிகழ்த்தப்படுகிறது. இம்முறையின் உள்ளீடு இதுவே.

விடுபட்ட முன்வரலாறு

தொடர் இவ்வரலாற்றை வால்ட் டிஸ்னி என்னும் தனிமனிதரின் கனவிலிருந்து தொடங்குகிறது. இங்குதான் சிக்கல் எழுகிறது. பதிந்த அசைவைத் திரும்ப நிகழ்த்தும் எண்ணம் அதற்கு இரு நூற்றாண்டுகள் மூத்தது. அதன் பாதை பட்டுத்தறி வழியே செல்கிறது. குழல் ஊதும் பொம்மையும் இயந்திர வாத்தும் செய்து 1730களின் இறுதியில் பாரிஸை வியக்க வைத்தவர் ஜாக் டி வோகான்சன். 1741இல் அவர் பிரான்சின் பட்டு உற்பத்திக்கு ஆய்வாளராக அமர்த்தப்பட்டார். அவர் முன்வைத்த சீர்திருத்தங்களை எதிர்த்து லியோன் நகரப் பட்டுத் தொழிலாளர் 1744இல் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டு அவர் தானியங்கித் தறி ஒன்றை உருவாக்கினார். அத்தறியின் கூறுகளை வளர்த்தெடுத்தே ஜோசப் மரீ ஜக்கார்டு 1804இல் தம் கருவியை அமைத்தார். பொம்மையை ஆட்டுவித்த அறிவும் பூ நெய்த அறிவும் ஒருவர் கையில் கூடியிருந்தன என்பதையும், அவ்வறிவு பிறந்த கணமே தொழிலாளரின் எதிர்ப்பைச் சந்தித்தது என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது. தொடரின் கதையில் இவை இரண்டுக்கும் இடமில்லை.

ஆரணித் தறி தரும் ஒப்பீடு

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, புவிசார் குறியீடு பெற்ற பட்டுச்சேலைக்குரிய ஊர். அங்குள்ள கைத்தறியின் மேல் ஏற்றப்பட்ட ஜக்கார்டு பெட்டி, லியோனின் கருவிக்கு நேர் வழித்தோன்றல். 120, 240 எனக் கொக்கிகளின் எண்ணிக்கையால் பெட்டிகள் குறிக்கப்படுகின்றன. துளையிட்ட அட்டை ஒவ்வொன்றும் ஓர் ஊடை இழைக்குரிய கட்டளையைச் சுமக்கிறது. துளை உள்ள இடத்தில் ஊசி உட்புக, அதற்குரிய கொக்கி மேலெழுந்து பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் கொக்கி விலக்கப்பட்டு இழை கீழே நிற்கும். காந்த நாடா லிங்கனின் கையை உயர்த்தியதும் அட்டை பாவை உயர்த்துவதும் தருக்க அடிப்படையில் ஒன்றே.

வேறுபாடு உழைப்பில் உள்ளது. பூங்காவின் உருவம் இயக்குபவரை மறைத்தே வெற்றி பெறுகிறது. கைத்தறியில் அட்டையைப் படிப்பது பெட்டியாயினும், அதற்கு விசை தருவது நெசவாளரின் கால், ஊடையின் இறுக்கத்தை அளப்பது அவரது கை, அறுந்த இழையைக் கண்டு முடிச்சிடுவது அவரது கண். பதிவு முழுமையானது அன்று. ஒவ்வொரு இழையிலும் ஒரு மனிதத் தீர்ப்பு அதனை நிறைவு செய்கிறது. இக்கோணத்திலிருந்து நோக்கும்போது தொடரின் குறை தெளிவாகிறது. அதன் முதன்மைச் சாட்சிகள் வடிவமைப்பாளரும் பொறியாளரும் நிருவாகிகளுமே. எண்ணெய் இடுவோர், தோல் மாற்றுவோர், ஒப்பனை திருத்துவோர் ஆகியோரின் அறிவு தொழில்நுட்பமாகக் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. கருத்தைத் தோற்றுவிப்பதே தொழில்நுட்பம், அதனை நாள்தோறும் உயிருடன் வைத்திருப்பது வெறும் பணி என்னும் பாகுபாடு தொடர் முழுவதும் நிலவுகிறது.

இப்பாகுபாடு அமெரிக்கத் திரைக்கு மட்டும் உரியதன்று. கைத்தறிக்கு ஒதுக்கீடு வழங்கும் 1985ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், கைத்தறி என்பதை 'விசைத்தறி அல்லாத தறி' என்றே வரையறுக்கிறது. தொழிலைக் காக்க வந்த சட்டமும் அதன் அறிவைப் பெயரிட்டுச் சொல்லாமல், இன்மையால் சுட்டுகிறது. 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா மரபுப் பூங்காவில் காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு அமைக்கப்பட்டுள்ளது. கைவினைஞரையும் பார்வையாளரையும் நேருக்கு நேர் நிறுத்துவது அதன் பெருமை. ஆயினும் தறி அங்கு 'மரபு' என்னும் தலைப்பின் கீழேயே காணப்படுகிறது. பூங்கா இயந்திரம் எதிர்காலமாகவும் ஜக்கார்டு தறி இறந்தகாலமாகவும் காட்டப்படும் வரை, நெசவாளருக்குரிய கூலி திறனுக்கான ஊதியமாக அன்றி, மரபைப் பேணுவதற்கான சலுகையாகவே பேசப்படும்.

முடிவுரை

'தி இமேஜினியரிங் ஸ்டோரி' தொழில்நுட்பத்தின் தோல்விகளை ஒளிக்காத, கற்பிக்கும் ஆற்றல் மிக்க ஆவணம். எனினும் அது தொழில்நுட்பத்தைத் தோற்றுவித்தவரின் உடைமையாகச் சுருக்கி, அதன் பட்டுத்தறி வேரையும் பராமரிக்கும் கைகளையும் சட்டகத்திற்கு வெளியே விடுகிறது. ஆரணித் தறிகுறித்துத் தமிழில் எடுக்கப்படும் ஆவணப்படங்கள் இக்குறையைத் திரும்பச் செய்யாதிருத்தல் வேண்டும். நெசவாளரின் வறுமையையும் சேலையின் அழகையும் காட்டும் கேமரா, அட்டை படிக்கப்படும் முறையையும், அட்டை வெட்டுபவர், பாவு பிணைப்பவர், நெய்பவர் என்போரிடையே அறிவு பகிரப்படும் முறையையும் அதே பொறுமையுடன் காட்டுமாயின், தொழில்நுட்ப ஆவணப்படம் என்னும் வகைமைக்கே அது திருத்தமாக அமையும்.